அனுசுயா வீட்டு மாடி

இழவு வீட்டுக்குப் போனாலும் அனுசுயாவின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். மாலையைப் போட்டு, இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்று, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்ததும் டைல்ஸை எண்ண ஆரம்பித்துவிடுவாள். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். நீளவாக்கில் ஆறரை, அகலவாக்கில் ஐந்தரை. "பதிமூணுக்குப் பதினொண்ணு. நூத்தி நாப்பத்து மூணு. வரி நோட்டீஸ்ல இருநூறுன்னு வந்திருக்கும், பாருங்க" என்று பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவின் காதில் சொல்வாள். ஷரபுன்னிசா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்வாள். துக்கம் தாங்கவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அறுபத்திரண்டு வயது. கைலாசபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் டிரேசர் வேலை. பொறியாளர்கள் பென்சிலில் கிறுக்கித் தருவதை மெல்லிய தாளில் மை வைத்துச் சுத்தமாக எடுத்து வரைய வேண்டும். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தடித்தாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி உட்காருவாள். கடைசிப் பத்து வருடம் கம்ப்யூட்டர் வந்து அந்தச் சுகத்தைக் கெடுத்தது. ஓய்வுபெற்றதும் கோயில் குளம் என்று இருப்பாள் என எல்லோரும் நினைத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று கேட்டவர்களிடம், "பெருமாள் எங்க போகப்போறார், படுத்துட்டுத்தானே இருக்கார்" என்றாள்.

அவளுக்குப் புது வேலை கொடுத்தது சொத்துவரி மறுசீராய்வு. ஏதோ ஒரு ஒப்பந்தக் கம்பெனி டிரோனைப் பறக்கவிட்டு, மேலிருந்து படம் எடுத்து, ஒவ்வொரு வீடும் இத்தனை சதுர அடி என்று கணக்குக் கொடுத்திருந்தது. பறக்கிற யந்திரத்துக்குத் தகரமும் காங்கிரீட்டும் ஒன்றுதான். ஷரபுன்னிசா வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கும் தகரச் சாய்ப்பு நோட்டீஸில் கடையாகியிருந்தது. "சைக்கிளை யார் வாங்குறாங்களாம்?" என்று அவள் மாநகராட்சி ஆபீசில் சண்டை போட்டுத் தோற்றுத் திரும்பினாள். அனுசுயா மறுநாள் அவளை உட்கார வைத்து, "வாயால சொல்லாதீங்க, வரைஞ்சு காட்டுங்க" என்று சொல்லி, தானே வரைந்து கொடுத்தாள். ஒரு வாரத்தில் கடை மறைந்தது. அதற்குப் பிறகு அவர்கள் தெருவான மேலூர் ரோட்டில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் முதலில் அனுசுயா வீட்டு மணிதான் அடிக்கும். காசு வாங்கமாட்டாள். காபி குடிப்பாள், அதிலும் சர்க்கரை அளவைக் குறை சொல்வாள்.

அவள் வீட்டு நோட்டீஸ் கடைசியாக வந்தது. தொள்ளாயிரத்து அறுபது சதுர அடி வீட்டை ஆயிரத்து எண்ணூற்று எண்பது என்று போட்டிருந்தார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடுவதற்காக நாலு இரும்புக் கம்பத்தின் மேல் போட்ட தகரக் கொட்டகையை யந்திரம் முழு மாடியாகப் பார்த்துவிட்டது. வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அனுசுயாவுக்குக் கோபம் வரவில்லை, ஒரு விதமான உற்சாகம்தான் வந்தது. அன்றைக்கே மேல்முறையீட்டு மனுவும் படமும் தயார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து அளப்பதாகப் பதில் வந்தது.

அவள் கணவர் ரங்கசாமி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் ஏலம் கூவியவர். எதையும் கூட்டிச் சொல்வது தொழிலிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி. மகள் இளவேனிலுக்கு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் சின்னையன் வீட்டிலிருந்து வரன் வந்தபோது, "கீழ நாங்க, மேல தனியா ஒரு போர்ஷன்" என்று போனில் ஒரே கூவலில் ஒரு மாடியை எழுப்பிவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. அவர்கள் பெண் பார்க்க வருவதும் அதே புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் என்பதால் பத்தரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அளக்க வந்தவர் நவநீதன் என்ற இளைஞர். அனுசுயா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். "நல்லாப் பாருங்க தம்பி. மூணு பக்கம் சுவர் கிடையாது. நாலாவது பக்கமும் கிடையாது. இதை மாடின்னா, குடை பிடிச்சிட்டு நிக்கிறவனையும் வீடுன்னு எழுதுவீங்க போல."

நவநீதன் சிரித்தபடி பேனாவை எடுத்தார். அப்போது படியேறி மூச்சு வாங்கியபடி சின்னையன் வந்து நின்றார். கீழே காபி தயாராவதற்குள் போர்ஷனைப் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். அவர் கண்முன் கொடியில் ரங்கசாமியின் இரண்டு பனியன்களும் ஒரு பட்டாபட்டியும் ஆடிக்கொண்டிருந்தன.

"போர்ஷன் எந்தப் பக்கம்ங்க?" என்றார் சின்னையன்.

நவநீதனின் பேனா நின்றது. "என்ன போர்ஷன் சார்?"

"மேல தனிப் போர்ஷன் இருக்குன்னு வீட்டுக்காரர் சொன்னாருங்களே. பாத்ரூம் அட்டாச்டுன்னாரு."

நவநீதன் அனுசுயாவைப் பார்த்தார். சின்னையனும் பார்த்தார். இல்லை என்றால் வந்த சம்பந்தம் படியிறங்கிவிடும். இருக்கிறது என்றால் இல்லாத மாடிக்குக் காலமெல்லாம் வரி கட்ட வேண்டும். வரியைக்கூடக் கட்டிவிடலாம். ஆறு வருடமாக வந்துபோன வரன்களில் இன்றைக்குத்தான் இளவேனில் யாரும் சொல்லாமல் தானே புடவையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததையும் அனுசுயா பார்த்திருந்தாள்.

ஆனால் மனு கொடுத்திருக்கிறாள். படம் வரைந்திருக்கிறாள். அவள் வரைந்த படத்தில் மாடி இல்லை.

"போர்ஷனும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "தகரம். அவர் மண்டியில ஏலம் விட்டவரு, பழக்கம் விடலை. நீங்க பாதியாக் குறைச்சுக் கேட்டிருக்கணும்."

படியின் பாதியில் நின்று இதைக் கேட்ட ரங்கசாமி, அப்படியே திரும்பி இறங்கி, கொல்லைப்புறத் தென்னைமரத்தடியில் இருந்த குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நவநீதன் மேலே முடித்து, கீழே ஒவ்வோர் அறையாக அளந்து, கடைசியாகக் கொல்லைக்கு வந்து கதவைத் தட்டினார்.

"ஆள் இருக்கு."

"சார், ரெண்டு நிமிஷம் வெளிய வந்தீங்கன்னா அளந்துடுவேன்."

"வயிறு சரியில்லைங்க தம்பி. இப்ப வர்ற மாதிரி இல்லை."

கால் மணி நேரம் நின்று பார்த்தார். அடுத்து அளக்க வேண்டிய வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. போய்விட்டார்.

சின்னையன் குடும்பம் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, "சொல்லி அனுப்புறோம்ங்க" என்று எழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேசரித் தட்டுக்கே தெரியும். கார் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் ரங்கசாமி வெளியே வந்தார். இரண்டு நாள் அனுசுயா அவருக்கு வெறும் ரசம் சோறுதான் வைத்தாள். இளவேனில் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். அந்தப் புடவையை மடித்து உள்ளே வைக்காமல் நாற்காலி முதுகிலேயே போட்டிருந்தாள். அனுசுயா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்தாள்.

மூன்றாம் நாள் சின்னையனிடமிருந்து போன். அனுசுயா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, பொண்ணு விஷயம் அப்புறம் பேசலாம். எங்க மில்லுக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்குங்க. நெல்லு காயப்போடுற களத்தையும் கட்டடம்னு போட்டிருக்கான்."

"களத்துக்குக் கூரை இருக்கா?"

"வானம்தாங்க இருக்கு."

"அப்ப வானத்துக்கு வரி போட்டிருக்கான். காகிதத்தைக் கொண்டாங்க, வரைஞ்சு தர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, "பையன் என்ன சொல்றாருங்க?" என்றாள்.

"அவன் எங்ககிட்ட எங்கம்மா சொல்றான்? அன்னிக்குக் காபி குடிக்கிறப்பவே உங்க பொண்ணு நம்பரை வாங்கிட்டான். ரெண்டு நாளா மில்லுல நெல்லு வருதா உமி வருதான்னு தெரியாம போன்லயே நிக்கிறான். தை மாசம் வெச்சுக்கலாமான்னு கேட்கத்தான் நானும் கூப்பிட்டேன். நோட்டீஸ் சும்மா பேச்சுக்கு."

நோட்டீஸ் பேச்சுக்கு இல்லை என்பது அனுசுயாவுக்குத் தெரியும். அவள் சிரித்தபடி போனை வைத்துவிட்டு, உள்ளே போய் நாற்காலியிலிருந்த புடவையை எடுத்து மடித்து, மறுபடி அங்கேயே வைத்தாள். ரங்கசாமிக்கு அன்று இரவு ரசத்தோடு அப்பளமும் கிடைத்தது.

மேல்முறையீட்டு உத்தரவு அடுத்த மாதம் வந்தது. மாடி நீக்கப்பட்டிருந்தது. மொத்தப் பரப்பு தொள்ளாயிரத்து இருபத்தேழு சதுர அடி. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஷரபுன்னிசா பாயசம் கொண்டுவந்தாள்.

அனுசுயா மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முப்பத்து மூணு குறையுதே."

"குறைஞ்சா நல்லதுதானே?" என்றார் ரங்கசாமி.

"ஆறுக்கு அஞ்சரை. பாத்ரூமை விட்டுட்டாங்க."

ரங்கசாமிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மலர்ந்தது. "நான் உள்ள இருந்தேன்ல! இந்த வீட்டுக்கு நானா சம்பாதிச்சது அந்த முப்பத்து மூணு அடிதான் அனுசுயா. விட்டுடேன்."

"பாத்ரூம் இல்லாத வீடுன்னு எழுதியிருக்காங்க. படிக்கிறவன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?"

"எவன் படிக்கப்போறான்?"

அவள் மேஜையில் தாளை விரித்து, "ஐயா, எங்கள் வீட்டில் ஒரு குளியலறை இருக்கிறது" என்று தொடங்கி நாலு வரி எழுதினாள். கீழே குளியலறையை அளவோடு வரைந்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டினாள். தாழ்ப்பாளையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஸ்கேலைத் திருப்பி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாளின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, அதன் தலைமேல் 'வ' என்று எழுதினாள்: வடக்கு எந்தப் பக்கம் என்று ஆபீசுக்குத் தெரிய வேண்டுமே.