மூன்று நாளும் ஒரு கூடைத் தக்காளியும்

பழுத்த தக்காளிக்குப் பொறுமை கிடையாது. பூசணிக்காய் மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருக்கும். சேனைக்கிழங்கை மறந்தே போகலாம், அது கோபித்துக்கொள்ளாது. தக்காளி மட்டும் இன்றைக்கே என்னைக் கவனி என்று உயிரை வாங்கும். யுத்த காலத்தில் பம்பாய் மாட்டுங்காவில் குடித்தனம் நடத்தியவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா வேலை. உரியவர் வந்து எடுக்காத சரக்கு அழுகுகிற ஜாதியாக இருந்தால் அதை அங்கேயே ஏலம் போட்டுவிடுவார்கள். ஏலம் என்று காதில் விழுந்தால் போதும், இவருக்குக் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை முட்டைக்கோஸ் வந்தது. ஒரு தடவை ஒரு மூட்டை பச்சை மிளகாய் வந்தது. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு மூட்டை பச்சை மிளகாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் ஏலத்தில் நிற்கும்போது யோசித்ததில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூலியாளின் தலையில் பெரிய மூங்கில் கூடை ஏறி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. வைக்கோலை விலக்கினால் தக்காளி.

"அடிமாட்டு விலைடி. பாத்தியா, எப்படிச் செவசெவன்னு இருக்கு!" என்றார்.

"இத்தனையையும் யார் நறுக்கறது?"

"நீ நினைச்சா எத்தனை நாழியாகும்?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். குழந்தைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அம்மை போட்டு அப்போதுதான் எழுந்திருந்தன. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்தால்தான் உண்டு. அதை விட்டால் ரேஷன் கடை வரிசை. அங்கே நின்று நின்று வாங்கி வந்த சிவப்பு அரிசியில் பாதி கல், பாதி நாற்றம். அதைப் பொறுக்கி, களைந்து, மறுபடி களைந்து வடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். அந்த மாதம் முழுவதும் நான் ஒன்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் இரண்டு மூன்று நாளில் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்பிள்ளை அடுக்களைப் பக்கம் போகக் கூடாது, யாரையும் எதையும் தொடக் கூடாது. பிறந்த வீட்டில் இருந்தபோது இதை நினைத்து நான் கூனிக் குறுகியிருக்கிறேன். பம்பாய்க்கு வந்து இரண்டு குழந்தைகள் ஆன பிறகு அந்த மூன்று நாளுக்காகத் தவம் கிடந்தேன். பால்கனியின் ஓரத்தில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, பாயும் ஒரு சொம்பும் கொடுத்துவிடுவார்கள். அங்கே போய் விழுந்தால் யாரும் ஒரு வேலை சொல்ல முடியாது. குழந்தை அழுதாலும் என்னிடம் கொண்டுவர மாட்டார்கள். ஊரெல்லாம் அதற்குத் தீட்டு என்று பெயர். எனக்கு அது லீவு.

அந்த மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட என் கணவரின் அக்கா, பம்பாய்க்கு வெளியே இருக்கிற கல்யாண் என்ற ஊரிலிருந்து வருவாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அங்கே மூத்த தம்பியின் வீட்டோடு இருந்தாள். யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அவளே நாளைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தம்பி ஆபீஸ் போகிற ரயிலில் அவரோடு வந்து மாட்டுங்காவில் இறங்கிவிடுவாள். மடி ஆசாரத்தில் கெட்டி. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. தக்காளியைச் சீமைச் சரக்கு, சிராத்தத்துக்கு ஆகாதது என்று தள்ளிவைத்தவள். வாயில் போட மாட்டாள், கையால் தொடக்கூட மாட்டாள்.

ஆகவே கணக்கு தெளிவாக இருந்தது. அக்கா வருவதற்குள் கூடையைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நான் திரைக்குப் பின்னால் படுத்திருக்கும்போது அத்தனையும் அழுகி, நான் குளித்துவிட்டு வந்ததும் என் தலையில்தான் விடியும். ஓய்வெடுக்கப் போவதற்கு முன்னால் செத்துச் சுண்ணாம்பாக வேண்டும் என்பது பெண்களுக்கென்று எழுதிவைத்தது போலிருக்கிறது.

அன்றைக்கே தரையில் சாக்கை விரித்துப் பிரித்தேன். தோல் வெடித்தவை அன்று ராத்திரிக்கு. அமுக்கினால் குழிகிறவை மறுநாளைக்கு. கொஞ்சம் கெட்டியாக இருந்தவை கடைசிக்கு. வெடித்ததைக் கையாலேயே பிசைந்து, தோலை எடுத்துவிட்டு, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டுப் பருப்புத் தண்ணீர் விட்டு ரசம் வைத்தேன். பழுத்த தக்காளியாயிருந்தால் புளியே வேண்டாம். ரேஷன் அரிசியின் வாடையை அமுக்க இந்த ரசத்துக்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தேங்காயும் கடுகும் அரைத்துவிட்டுத் தயிரில் பச்சடி செய்தேன். பச்சடிக்குத் தக்காளியை நன்றாக வதக்கி ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் தயிர் திரிந்துபோகும். ராத்திரி கோதுமை ரவை உப்புமாவுக்குத் தக்காளி கொத்சு. அடை மாவிலும் நாலைக் கரைத்துவிட்டேன். அடை சிவந்து, ஓரம் மொறுமொறுவென்று வந்தது. மறுநாள் சாதத்தையே தக்காளியோடு கிளறி வைத்தேன். பாதியாக வெட்டி உப்புத் தடவி மொட்டை மாடியில் காயப் போட்டதில் காக்காய்க்குப் போனது போக ஒரு டப்பா வற்றல் தேறியது. குழந்தைகள் சாப்பாட்டைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. "இன்னிக்கும் தக்காளியாம்மா?" என்று பெரியவள் கேட்டாள். உங்கப்பாவைக் கேள் என்றேன். அவருக்கு மட்டும் அலுக்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் ஏலத்தில் தாம் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

இத்தனை செய்தும் கூடையில் கால்வாசி மிச்சம் இருந்தது. கெட்டியாக இருந்தவையும் இதற்குள் பழுத்துக் குழைந்துவிட்டன. தொக்கு ஒன்றுதான் வழி. அதற்கு எண்ணெய் வேண்டும், கரி வேண்டும், அடுப்பின் முன்னால் நிற்கக் கால் வேண்டும். எண்ணெயையும் கரியையும் எப்படியோ சேர்த்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாண் ரயிலில் அக்கா வந்துவிட்டாள். கையில் நார்மடிப் புடவை மூட்டை. நேரே உள்ளே வந்தவள் என்னை அடுக்களையில் பார்த்ததும் நின்றாள்.

"இன்னும் ஆகலையா?"

"இல்லேக்கா. இன்னிக்கு நாளைக்குள்ளே ஆயிடும்."

கூடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இந்தக் கண்ராவியை எங்கேர்ந்து பிடிச்சான்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமையும் ஆகவில்லை. அலைச்சலில் தள்ளிப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைகால் ஓய்ந்து வந்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றியது. எல்லாவற்றையும் தக்காளி மேல் போட்டேன். தினமும் அதையே தின்றால் யாருக்குத்தான் குமட்டாது?

வியாழக்கிழமை அவர் ஆபீஸுக்குப் போன பிறகு தொக்குக்கு உட்கார்ந்தேன். உருளியில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. பெருங்காயத்தைப் போட்டேன். அந்த வாசனை மேலே வந்ததும் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு, குளிக்கிற இடமான மோரிக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. பெருங்காய வாசனை ஆகாமல் போவது எனக்கு இரண்டு தடவையும் நடந்ததுதான்.

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன். பெற்ற தாயார் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், வரப்போகிற குழந்தையைப் பற்றி ஒரு நினைப்பும் அப்போது எனக்கு இல்லை. பால்கனியும் பாயும் போச்சு என்றுதான் அழுதேன். இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் இல்லை, இனி ஒரு வருஷத்துக்கு மேல் இல்லை.

அக்கா மோரி வாசலில் வந்து நின்றாள். நான் எதையும் மறைக்கவில்லை. "எனக்கு அந்த மூணு நாள் போயிடுத்தேக்கா" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. குழந்தை வரம் கேட்டுக் கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. இவளோ ஒன்றுமே காணாமல் தலையை மழித்துக்கொண்டவள். இவளிடமா இதைச் சொல்வது?

"எழுந்து போய் வெளியிலே உட்காரு" என்றாள்.

"எனக்குத்தான் ஆகலையே அக்கா."

"ஆயிடுத்துன்னு நான் சொல்றேன். அவனுக்கு என்ன தெரியும்? போ, திரையைக் கட்டு."

நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரக்காலை வாசல்படியில் வைத்தவளைக்கூடக் கடிந்துகொள்கிற மனுஷி அவள். அவள் வாயிலிருந்து பொய் என்று ஒன்று வந்து நான் கேட்டதில்லை.

"ஏன் முழிக்கறே? எனக்குப் போன வருஷம் நின்னு போச்சு. நின்னுடுத்துன்னு தெரிஞ்ச அன்னிக்கு நானும் இப்படித்தான் மோரியிலே உட்கார்ந்து அழுதேன். கல்யாண்லே நான் உட்கார்றதுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அங்கே தம்பி ஆம்படையாளுக்கு ஆனாலும் சமைக்கறது நான், உனக்கு ஆனாலும் நான். இனிமே நான் படுத்தா ஒரேயடியா படுக்கறதுதான்" என்றாள். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அரிசியில் கல் அதிகம் என்று சொல்கிற குரல்தான்.

திரையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். படுத்ததுதான் தெரியும். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அடுக்களையில் அரிவாள்மணையின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சிவப்புச் சாறு.

"அக்கா, நீங்க ஏன் அதைத் தொடறேள்?"

"தொட்டாச்சு. அப்புறம் தலையிலே ஜலத்தை விட்டுண்டா ஆச்சு. எவ்வளவு நாழி கிளறணும்? அதைச் சொல்லு."

"எண்ணெய் பிரிஞ்சு ஓரத்திலே நிக்கற வரைக்கும். வெந்தயம் வறுத்துப் பொடி பண்ணிக் கடைசியிலே போடணும்."

தொக்கு சுருண்டு வந்தபோது அவளுக்குச் சிக்கல் வந்தது. உப்புப் பார்க்க வேண்டும். அவள் வாயில் வைக்க மாட்டாள். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து ஊதிக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் வந்தாள். நான் பழக்க தோஷத்தில் கையைத் தாழ்த்தி எட்ட நீட்டினேன். அந்த நாட்களில் உயரத்திலிருந்து போடுவதுதான் முறை. அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தாள். உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. சொன்னேன். போய்ப் போட்டாள்.

மற்றபடி நாடகத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், "அவ வெளியிலே இருக்கா, அந்தப் பக்கம் போகாதே" என்று அதட்டினாள். சாதத்தை என் தட்டில் உயரத்திலிருந்து போட்டாள். அவருக்குத் தொக்கு பிடித்திருந்தது. உன்னுடையதை விட நன்றாக இருக்கிறது என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். தூங்கினேன். மூன்று நாளும் தூங்கினேன். நடுவில் எழுந்து குமட்டினால் அக்கா வெறும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினேன். கூடை காலி. தொக்கு இரண்டு ஜாடி நிறைய இருந்தது. அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அவளைக் கல்யாணில் கொண்டுவிட அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் படியிறங்கினார். அவர் கீழே போகிற வரை காத்திருந்துவிட்டு அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"அடுத்த மாசமும் வரேன். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. இன்னும் ஒரு தடவை ஏமாத்தலாம். அதுக்கு மேலே வயிறு காட்டிக் கொடுத்துடும்."

சரி அக்கா என்றேன்.