எட்டுப் பேருக்கு ஒரே மாத்திரை அட்டை

ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிந்தும் விடியாத நேரம். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து குதித்தேன். இறங்கினேன் என்று எழுதினால் அது பொய். கோவில்பட்டியிலிருந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல், "சிங்கப்பெருமாள் கோயில் வந்துட்டா? வந்துட்டா?" என்று கண்டக்டரின் உயிரை எடுத்தவள் நான். எங்கள் தெருவில் லீவு விட்டால் கொடைக்கானல் போவார்கள். நானோ தையல் கடையைப் பூட்டிவிட்டு ஃபாக்டரி பார்க்கப் புறப்பட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்!

காரணம் என் தம்பி முத்துக்குமார். கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் இருந்தவனைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை மெடிக்கல். அதில் தேறிவிட்டால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். கபடி ஆடிய உடம்பு, அவனுக்கென்ன குறை? அந்த ஆர்டரை முதலில் தொட்டுப் பார்ப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஓடி வந்தேன்.

ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆப்பூர் மலையைத் தாண்டியதும் நான் வாயைப் பிளந்தவள்தான், மூடவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் காம்பவுண்டுச் சுவர்கள். மைதானம் மைதானமாகப் புத்தம் புதுக் கார்கள், இன்னும் நம்பர் கூட விழாதவை. எதிரே சாரி சாரியாகக் கம்பெனி பஸ்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு பையன் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறான்.

"ஞாயித்துக்கிழமையும் வேலையா அண்ணே?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஓ.டி. கீதுக்கா. யாரு வுடுவான்? நானும் கம்பெனி லைன்லதான் இருந்தேன். நைட் ஷிப்ட் ஒத்துக்கல. துன்னது செரிக்காது, பகல்ல தூக்கம் வராது. போதும்டா சாமின்னு ஆட்டோ எடுத்துக்கினேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

முத்துவின் ரூம், சாலைகள் கூடுகிற ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தேவகி அம்மா என்கிறவரின் இடத்தில் இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது. நெல் விளைந்த நிலத்தில் வரிசையாகத் தகரக் கூரை ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். "வயல்ல நடந்தவரைக்கும் ஒரு தலைவலி கூடக் கெடையாதும்மா. இப்ப வாடகை வாங்கறதோட சரி. சுகரும் பிரஷரும் வந்து குந்திக்கிச்சு" என்று வாசலிலேயே தன் கதையைச் சொல்லி, எனக்குக் காபியும் கொடுத்தார். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளவும் சொல்லிவிட்டார்.

ரூமில் எட்டுப் பேர். பாய் நாலு. நைட் ஷிப்டுக்காரன் வந்து படுக்கும்போது பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போவானாம், பாய்ச் சூடு ஆறவே ஆறாது. பக்கெட் பொது, சோப்பு பொது, ஷூ கூடப் பொது. அக்கா வருகிறாள் என்று கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தியெல்லாம் கொளுத்தி வைத்திருந்தார்கள் படவாக்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் சோறு வடித்தார்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நூடுல்ஸ்.

"காய் எங்கலே?"

"காய் நறுக்க யாருக்குக்கா நேரம்?" என்றான் முத்து.

தண்ணீர் கேனும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஏன் என்றேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா. லைனை விட்டுப் போகணும்னா மாத்தாள் வரணும். அவன் வாரதுக்குள்ள நம்ம உசுரு போயிரும். அதான் ஷிப்ட்ல குடிக்கதே இல்ல. பழகிட்டு" என்றான், ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்கிறவன் போல.

சாப்பிட்டு முடித்ததும் செல்வம் என்கிற பையன் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். சங்கரன்கோயில்காரன், ரூமில் மூத்தவன். இரண்டைப் பிதுக்கி முத்துவின் கையில் வைத்தான். "ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு. மறந்துராதலே."

"எப்படிப் போடணும்னு நானும் பார்த்துக்கிடுதேன். வியாழக்கிழமை எனக்கும் மெடிக்கல்லா" என்றான் பக்கத்திலிருந்த கார்த்தி.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன மாத்திரைலே அது?"

ஆளுக்கொரு பக்கமாய்த் தட்டைக் கழுவ எழுந்தார்கள். நான் விடுவேனா? போட்ட சத்தத்தில் எல்லாம் வெளியே வந்தது. செல்வத்துக்குப் பிரஷர். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாசத்துக்கு வேண்டிய மாத்திரை தருகிறார்கள். ரூமில் யாருக்கு மெடிக்கல் வந்தாலும் அந்த அட்டையிலிருந்து முந்தின நாள் போட்டுக்கொண்டு போவது வழக்கமாம். மூன்று பேர் அப்படித்தான் தேறினார்களாம். "ராசியான மாத்திரைக்கா" என்று வேறு சொல்கிறான் கார்த்தி. போன மாசம் கூட்ரோட்டில் நடந்த மருத்துவ முகாமில் முத்துவுக்கும் நூற்று அறுபதுக்கு மேல் காட்டியிருக்கிறது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான், என் கபடி வீரன்!

சத்தம் கேட்டுத் தேவகி அம்மா தன் பிரஷர் மிஷினோடு வந்துவிட்டார். முத்துவைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். அந்த நூற்று அறுபது குறையவில்லை. எனக்கிருந்த ஆத்திரத்தில், "மாத்திரை வள்ளலே, நீயும் உக்காரு" என்று செல்வத்தை இழுத்து உட்காரவைத்தேன்.

மிஷின் காற்றை ஏற்றியது, இறக்கியது, மறுபடி ஏற்றியது. மேல் எண் இருநூறுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"அடப் பாவி, நீ மாத்திர போட்டுக்கினுதானே கீற?" என்றார் தேவகி அம்மா.

"போடுதேன்மா. மாசத்துல பாதி நாளு. மிச்சம்... இவனுவளுக்கு, பக்கத்து ரூம் பயலுவளுக்குன்னு மெடிக்கல் வந்துரும்லா."

அதை ஒரு குறையாகவே அவன் சொல்லவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலத்தான் சொன்னான். முத்து தன் கையிலிருந்த இரண்டு மாத்திரையையும் பார்த்தான். செல்வத்தின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினான். "நீ போடுலே" என்றான்.

ஆட்டோ பிடித்துச் செல்வத்தை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பொழுது சாய்வதற்குள் பிரஷர் இறங்கிவிட்டது, அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது எனக்கே ஒரு சபலம். ஒரே ஒரு நாள்தானே, மெடிக்கல் கடையில் ஒன்று வாங்கி இவனுக்குக் கொடுத்தால் என்ன? ஆர்டர் வந்துவிடுமே! கேட்க வாயெடுத்தேன். செல்வம் முத்துவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலுக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். இரண்டு டீ குடித்தும் நாக்கு உலர்ந்தது. முத்து வெளியே வந்தான்.

"மூணு வாரம் மாத்திரை போட்டுட்டு வரச் சொல்லிட்டாங்கக்கா. திரும்பப் பார்ப்பாங்களாம்."

"ஆர்டர்?"

"அதுவரைக்கும் காண்டிராக்டுதான். அப்புறம் எடம் இருக்குமான்னு தெரியல."

அழவா சிரிக்கவா என்று தெரியாமல் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிள்ளை மாத்திரை போடாமல், உள்ள பிரஷரை உள்ளபடி காட்டிவிட்டு வந்திருக்கிறான்! அங்கிருந்து நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. நைட் ஷிப்ட் முடித்த கார்த்தியையும் வரச் சொல்லியிருந்தோம்.

பெஞ்சில் காத்திருந்தபோது என் கடை ஞாபகம்தான். எங்கள் ஊரில் கம்பெனி பஸ் கிடையாது, லைன் கிடையாது. ஆனால் என் கடையில் நாலு பெண்கள் காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுவதில்லை, கக்கூஸ் தூரம் என்று தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களுக்கு முதலாளி நான். தம்பியைத் திட்டிய வாயால் ஊருக்குப் போனதும் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

முத்து பெயர் கொடுத்து, கையை நீட்டி, தன் பெயருக்கு வந்த முதல் மாத்திரை அட்டையோடு வெளியே வந்தான். கார்த்தியின் கண் அந்த அட்டையிலேயே இருந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள்? அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த ரூமில் யாரும் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

முத்து அட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"தர மாட்டேன்லே. போயி நீயும் பேரு குடுக்க லைன்ல நில்லு."

கார்த்தி ஒரு நிமிஷம் அவனையே பார்த்தான். பிறகு போய் நின்றான்.