ஆய்வுக்கூடத்தில் ஒரு லாரி ரேடியேட்டர்

எண்பதுகளில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வாய்த்துடுக்கு அதிகம் என்று எனக்குப் பெயர். பெயர் என்ன, உண்மைதான். வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் ஓரங்கட்டி வைத்திருந்த மேக்னட்ரான் ஒன்றை, எழுதி எழுதியே இரவல் வாங்கிவிட்டேன். வலுவான நுண்ணலைகளை உண்டாக்கும் கருவி அது. அணுக்கருப் பிணைவு உலைகளில் பிளாஸ்மாவைச் சூடாக்க, பெரிய நாடுகள் இதே வேலைக்கு ராட்சதக் கருவிகளைச் செய்துகொண்டிருந்தன. என்னுடையது அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. காந்தப்புலத்தில் வாயுவின் எலக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றுக்கு ஒத்தாற்போல அலை தள்ளினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, வேகம் ஏறிக்கொண்டே போகும். அவை மோதி அணுக்களை உடைக்க, வாயு சூரியனுக்குள் இருப்பதைப் போல மின்னேறி ஒளிரும் பிளாஸ்மாவாகிவிடும்.

இரவல் கொடுத்தவர்கள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிளாஸ்மா எரிந்தால் கருவி எங்களுக்கே. இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கருவி போனால் அறையும் போகும். விடைத்தாள் கட்டுகளை அடுக்க அந்த அறை வேண்டுமென்று துறைத்தலைவர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துக் கருவி சூடேறி நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால், குளிர்விக்கும் செப்புக்குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. எங்கள் ஊரில் குளிப்பது முதல் கட்டடம் கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர்தான். இதற்கும் அதையே விட்டிருந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் துறைத்தலைவருக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

மளிகைக்கடை எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கரைத்து ஊற்றிக் குழாயைச் சுத்தம் செய்தேன். இனி உப்பில்லாத தண்ணீர் வேண்டும். சுற்றி வருகிற அந்தத் தண்ணீரை ஆற வைக்கவும் வேண்டும். எங்கள் ஜில்லாவில் சுடுதண்ணீரை ஆற வைத்துக்கொண்டே ஓடுவது எது? சாலையில் போகிற அத்தனை லாரியும்தான். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த அண்ணனிடம் போய் நின்றேன்.

"ஏனம்மணி, வண்டியில்லாம ரேடியேட்டர மட்டும் வெச்சு என்ன பண்ணப் போற?"

"சூரியனுக்குள்ள இருக்கற மாதிரி ஒண்ணக் கண்ணாடிக் குழாய்க்குள்ள பத்த வெக்கப் போறேண்ணா."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஃபேனையும் எடுத்துக்க" என்றார். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையும் கேன் கேனாக ஏற்றிவிட்டார்.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, டிபார்ட்மென்ட்ல லாரி கட்டறீங்களா?"

"ஆமாங்க சார். நீங்க முன்சீட்டுல உக்காந்துக்கலாம்."

வந்தவர்கள் ரேடியேட்டரைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் இரைந்தது. வெப்பமானியின் முள் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றது. அலையைக் கூட்டினேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஹைட்ரஜன் சட்டென்று இளஞ்சிவப்பாகப் பற்றிக்கொண்டது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. "போதும்மா, அணைச்சிடலாம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். நான் அணைக்கவில்லை. அவர்களுடைய டீ ஆறி ஆடை கட்டும் வரை எரியவிட்டேன்.

கருவி உங்களுக்கே என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா, இந்த ரூமை நீங்களே வெச்சுக்கங்க."

"சந்தோஷங்க சார். பக்கத்து ரூமையும் காலி பண்ணிக் குடுத்துருங்க. அடுத்து வர்ற ரேடியேட்டர் இதவிடப் பெருசு."