ரேடியோ ஸ்டேஷனுக்குத் துணை

நான் பம்பாய் ரேடியோ ஸ்டேஷனில் பாடிய நாட்களில் பாட்டைப் பிடித்து வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பாடுகிறவள் நேரில் போய் மைக்குக்கு முன்னால் உட்கார வேண்டும். வாயைத் திறந்த நிமிஷமே அது ஊரெல்லாம் கேட்கும், முடிந்ததும் காற்றோடு போய்விடும். அதனால் நான் பாடியதை நான் கேட்டதே இல்லை. "அப்போ உங்க குரல் எப்படி இருந்தது மாமி?" என்று இப்போது யாராவது கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் உள்ளேன்னா உட்கார்ந்திருந்தேன்" என்பேன். சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்காக அதைச் சொல்லவில்லை.

யுத்த காலம் அது. கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். இரண்டாம் மாடியில் இரண்டே அறை. அவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நல்ல மனுஷர்தான். என்னை ஒரு நாளும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடியாமலும் அதிகம் சொன்னதில்லை. பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். ரேஷன் அரிசி வந்ததா, தண்ணீர் வந்ததா, கதவைத் தாளிட்டாயா, இந்த மூன்று கேள்விகளுக்குள் எங்கள் தாம்பத்தியம் நடந்துகொண்டிருந்தது.

அவர் ஆபீசுக்குப் போன பிறகு நான் பாடுவேன். ஊரில் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தேன். அவர் இருக்கும்போது மட்டும் பாடமாட்டேன். அவர் வேண்டாமென்று சொன்னதில்லை. நவராத்திரியில், சுமங்கலிப் பிரார்த்தனையில், நாலு பெண்களோடு உட்கார்ந்து பாடுவது வேறு. கட்டினவர் எதிரில் தம்புராவை மீட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பாட எந்தப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் தைரியம் வந்தது? பாட எனக்கு வெட்கம். கேட்க அவருக்கு என்னைவிட வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் என்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார், நான் சங்கோசப்படக் கூடாதே என்று.

ரேடியோ ஸ்டேஷனில் வாரத்தில் ஒரு சாயங்காலம் தென்னிந்திய சங்கீதத்துக்கு அரைமணி கொடுத்திருந்தார்கள். அதற்காகப் பெரிய வித்வான்கள் மதராஸிலிருந்து ரயிலேறி வருவார்களா? உள்ளூர்ச் சரக்கை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. பாங்க் குமாஸ்தா ஒருவர் வயலின் வாசிப்பார், செம்பூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பாடுவதற்கு எங்களைப் போன்ற குடும்பப் பெண்கள். குரல் பரீட்சைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் அடுத்த வீட்டு மாமி. எங்கள் மாடியில் ரேடியோ பெட்டி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தெரிந்தவள் ஒருத்தியின் குரல் வர வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. பரீட்சையில் தேறிவிட்டேன். சில மாதங்களுக்கு ஒரு முறை எனக்கு முறை வந்தது.

ஆனால் சாயங்காலம் ஒரு பெண் தனியாக ரயிலேறிப் போக முடியுமா? துணைக்கு அவர் வந்தார். ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தம்புராவைத் தானே தோளில் சாத்திக்கொண்டு, மாட்டுங்கா ரோட் ஸ்டேஷனில் என்னை வண்டியில் ஏற்றி, சர்ச்கேட்டில் இறக்கி, ரேடியோ ஸ்டேஷன் வாசல் வரை கொண்டு விடுவார். மேலே ஒரு வரவேற்பறை. அதற்கப்பால் பாடுகிறவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். அவர் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் இரண்டு கனத்த கதவுகளைத் தாண்டி உள்ளே போவேன்.

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஏதோ அடித்திருக்கும். நம் குரல் நமக்கே திரும்பி வராது. சபை கிடையாது. ஒரு தலையாட்டல், ஒரு "பேஷ்", தொடையில் தாளம் போடும் ஒரு கை, எதுவும் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு எரியும், எதிரில் கடிகாரம் ஓடும். வயலின்காரர் தன் வில்லைப் பார்ப்பார், மிருதங்கக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. முதல் தடவை பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. இத்தனை பெரிய ஊரே கேட்கிறது என்கிறார்களே, அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் ஒருவரும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று தோன்றியது.

முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன்: "எப்படி இருந்தது?"

"நன்னாயிட்டு இருந்தது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே தாழ்வாரத்தில் சுவரில் ஓர் ஒலிபெருக்கியைப் பார்த்திருந்தேன், நடக்கிற நிகழ்ச்சி அதில் கேட்டுக்கொண்டிருக்கும். வரவேற்பறையிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் என் பாட்டைக் கேட்டிருக்கிறார்! எதிரில் உட்காராமல், முகத்தைப் பார்க்காமல், இரண்டு கதவுக்கு அப்பால். இதைவிட எங்களுக்குத் தோதான ஏற்பாடு வேறு உண்டா?

அன்றிலிருந்து அந்த அறையில் எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரிந்துவிட்டால் குரலுக்கு ஒரு திசை வந்துவிடுகிறது. சவரம் செய்துகொள்ளும்போது அவர் ஒரு மெட்டை இழுப்பார். ஸ்ருதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது, இருந்தாலும் அது சஹானாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அடுத்த முறை சஹானாவில் ஒன்று பாடினேன். "நன்னாயிட்டு இருந்தது" என்றார். அதற்கடுத்த முறை பேகடா. "நன்னாயிட்டு இருந்தது." படியிறங்குவதற்கு முன்பே சொன்னால் மிகவும் பிடித்திருக்கிறது, தெருவுக்கு வந்த பிறகு சொன்னால் சுமார்தான் என்று ஒரு கணக்குக்கூட வைத்திருந்தேன். வீட்டில் பேச்சில்லாத குறையெல்லாம் அந்த அரைமணியில் தீர்ந்துகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு தடவை செம்பூரிலிருந்து வரவேண்டிய மிருதங்கக்காரர் வந்து சேரவில்லை. அவர் வரும்வரை வெளியே இருங்கள் என்று என்னையும் வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு முன்னால் பாட வேண்டியவர் ஒரு மராத்தி பஜனைக்காரர். நமஸ்காரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எப்படிப் பாடுகிறார் பார்க்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது, தெருவில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது. சுவர் நாலையும் பார்த்தேன். ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

"இங்க கேக்காதா?" என்று பக்கத்தில் பெஞ்சிலிருந்த அவரைக் கேட்டேன்.

"எது?"

"பாட்டு. உள்ள பாடறது."

"இங்க எப்படிக் கேக்கும்?" என்றார், சாதாரணமாக. "அதான் கதவைச் சாத்திட்டாளே."

அதற்குள் மிருதங்கக்காரர் மூச்சிரைக்க வந்துவிட்டார், என்னைக் கூப்பிட்டார்கள். அன்று என்ன பாடினேன் என்று நினைவில்லை. வெளியே வந்தபோது அவர் எழுந்து தம்புராவை வாங்கிக்கொண்டு, "நன்னாயிட்டு இருந்தது" என்றார்.

சில நாள் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலையில் காப்பியை நீட்டும்போது கேட்டுவிட்டேன். "கேக்காமலே எப்படி நன்னா இருந்ததுன்னு சொன்னேள்?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீ பாடினா நன்னாத்தானே இருக்கும்?" என்றார்.

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். என்மேல் அத்தனை நம்பிக்கை வைத்திருக்கும் ஒரு மனுஷரோடு இருக்கும்போது இப்படி ஒரு தனிமை வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும் பெண்கள் எல்லாரும் மாமி வீட்டு ரேடியோவில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கீழே பால் கொண்டுவந்து கொடுக்கும் வடநாட்டுப் பால்காரன் கேட்டிருக்கிறான். துணைக்கு வந்த குற்றத்துக்காக அவர் மட்டும் கேட்கவில்லை.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். அடுத்த முறை மாமியைத் துணைக்கு அழைத்துப் போகிறேன், நீங்கள் அவா ஆத்தில் ரேடியோவுக்கு எதிரில் உட்காருங்கோ என்றேன். அவர் யோசித்தார். அந்த வருஷம் ஊர் நன்றாக இல்லை. யுத்தம் முடிந்தும் அமைதி வரவில்லை. இன்று இந்தத் தெருவில் கத்திக்குத்து, நாளை அந்தத் தெருவில் ஊரடங்கு என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. "இப்போ எதுக்கு?" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "நான் பாடறதை ஒரு தடவையாவது நீங்க கேக்கணும்" என்று சொன்னேன். அவ்வளவு வெளிப்படையாக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அவர் தரையைப் பார்த்தபடி, "சரி" என்றார்.

மாமி உற்சாகமாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வீட்டு மாமா ரேடியோவுக்கு எதிரில் சாய்வு நாற்காலியைப் போட்டு, "இங்க உட்கார்ந்தா நன்னாக் கேக்கும்" என்று அவருக்கு இடம் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.

அன்று மெத்தைச் சுவரும் கடிகாரமும் என்னை ஒன்றும் செய்யவில்லை. முதல் உருப்படியைச் சுருக்கமாக முடித்தேன். மீதி நேரம் முழுவதையும் சஹானாவுக்கு வைத்துக்கொண்டேன், நிதானமாக. இப்போது அவர் அந்த நாற்காலியில் இருப்பார். மாமா தூங்கிப்போயிருப்பார், எப்போதும் அப்படித்தான். ஆகவே யாரும் பார்க்கப் போவதில்லை, இவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், இஷ்டம்போல் தலையை ஆட்டலாம். ரேஷன் அரிசியைத் தவிர நான் அவரிடம் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ராகத்தில் இருந்தது. வயலின்காரர் ஒரு இடத்தில் வில்லை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன்பு அவர் அப்படிப் பார்த்ததில்லை. நான் நன்றாகப் பாடினேன். எனக்கே தெரிந்த ஒரே நாள் அதுதான்.

விளக்கு அணைந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் மாமி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவர்.

"உன் ஆத்துக்காரர் மனசு கேக்காம அடுத்த வண்டியைப் பிடிச்சு வந்துட்டார்டீ" என்றாள் மாமி, வாயெல்லாம் பல்லாக. "ஊர் இருக்கற இருப்புல ரெண்டு பொம்மனாட்டிகளைத் தனியா விட்டுட்டு இருக்க முடியலையாம். என்ன கரிசனம் பாரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, தன் கண்ணையும் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். அவர் தம்புராவை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அன்று ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டியில் கூட்டமில்லை. கலவரத்துக்குப் பயந்து எல்லாரும் முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். மாமி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "என்ன பாடினே இன்னிக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட நாலாவது கேள்வி அது.

"சஹானா."

"அது எப்படி இருக்கும்?"

தாழ்ந்த குரலில் பல்லவியை எடுத்தேன். அவர் காதை அருகில் கொண்டுவந்தார். "வண்டிச் சத்தத்துல கேக்கலை" என்றார். கொஞ்சம் உயர்த்தினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். பிறகு எனக்கு என்ன ஆயிற்றோ, கண்ணை மூடிக்கொண்டு முழுக் குரலில் பாடினேன், ஓடுகிற வண்டியில், அவர் முகத்துக்கு நேராக.

"போறும்" என்றார். கண்ணைத் திறந்தேன். அவர் காது சிவந்திருந்தது. எதிர்ப்புறம் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போறும். எல்லாரும் பாக்கறா."

நிறுத்திவிட்டேன். தாதர் வந்தது. எங்கிருந்தோ ஒரு கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. அவர் எழுந்து, ஒரு கையில் தம்புராவும் மறு கையில் மேல்கம்பியுமாக எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார். மாட்டுங்கா ரோட் வரும் வரை என்மேல் ஒருத்தர்கூட இடிக்காமல் பார்த்துக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.