மீரான் பாய் உடைத்த வளையல்கள்

வளையல்கார மீரான் பாய் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், அவரை வாசலோடு திருப்பி அனுப்பிய என் பெரியத்தை. மதுரை பஸ்ஸில் வந்த யாரோ சொன்னார்களாம். “பாவம், தங்கமான மனுசன். அவரு கை பட்டா வளையல் நோகாம ஏறும்” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். திருமங்கலத்தில் உங்களில் பலர் அவரிடம் கை நீட்டியவர்கள். நீங்களும் இன்று ‘பாவம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சித்திரையில் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படியிலிருந்து வந்த என் கையைத் தொட்டுப் பார்த்து உடனே விட்டுவிட்டார். “சூட்டுல கை உப்பியிருக்கு தாயி. செத்த நேரம் தண்ணிப்பானையைக் கட்டிக்கிட்டு நில்லு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஈரப்பானையில் கையை ஒட்டி வைத்து நின்றேன். பிறகு எதிரே உட்காரவைத்து, அவர் வீட்டு ஆடு பக்கத்து வீட்டுக்காரரின் தொப்பியைத் தின்ற கதையைச் சொன்னார். நான் சிரித்து முடிப்பதற்குள் வளையல்கள் மணிக்கட்டில் இருந்தன. “பயந்த கை வெறைச்சுக்கிரும். பேச்சுக் குடுத்தா அதுவா எளகிரும்” என்றார். போடுவதற்கு முன் ஒவ்வொரு வளையலையும் நகத்தால் தட்டுவார். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே கீறல் இருக்கிறதென்று ஒதுக்கிவிடுவார். கண்ணாடியைப் பற்றி அன்று அவர் சொன்னது: “அமுக்கினா தாங்கும்மா. இடிச்சாத்தான் தாங்காது.”

அதை நான் வாழ்க்கைப்பட்டுப் போன வாடிப்பட்டியில் தெரிந்துகொண்டேன். என் கணவர் வாந்திபேதியில் போனார். சடங்கன்று என் கையை அம்மிக்கல்லில் வைத்து வளையல்களை உடைத்தார்கள். கையைப் பிடித்தவர்களுக்கும் அவசரம், குழவியை ஓங்கியவர்களுக்கும் அவசரம். ஒரு சில்லு மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. இப்போது டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவது அந்தக் கையால்தான்.

தாய்வீட்டுக்குத் திரும்பியபின் ஒருநாள் பாய் தெருவில் வந்தார். நான் அவர் முன்னால் வரக்கூடாது என்றார்கள், வந்தேன். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “போட்டவன் நான் உசுரோடதானம்மா இருந்தேன்? ஒரு ஆளு விட்டிருந்தா ஓடியாந்து கழட்டித் தந்திருப்பேனே. போட்ட கைக்குக் கழட்டத் தெரியாதா?” என்றார். அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி அது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் என் விதியைப் பேசினார்கள். என் கையைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

சில வருஷம் கழித்து என் தங்கை செல்லத்தின் புருஷனும் போய்விட்டான். பெரியத்தையின் மகன்தான் அவன். பெற்ற மகனைப் பறிகொடுத்தவர் என்பதால் அத்தையின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. “கழட்டுறதாவது! ஒடையுற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கணும். அதுதான் அவனுக்கு மருவாதை” என்றார். செல்லம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மதுரைக்கு ஆள் அனுப்பினேன். பாய் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

கொல்லை வழியாக அவரை உள்ளறைக்கு அழைத்துவந்து கதவைத் தாழிட்டேன். நானே உடைக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். செல்லத்தின் விரல்கள் விறைத்து மடங்கிக் கிடந்தன. பாய் அன்று ஆட்டுக் கதை சொல்லவில்லை. எண்ணெய் தடவிய அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து விரல்கள் தளர்ந்தன. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முதல் பச்சை வளையலை முழுசாக எடுத்து என்னிடம் தந்தார். உடனே தன் பெட்டியிலிருந்து ஒரு வளையலை எடுத்து அம்மியில் ஓங்கி அடித்தார். வெளியே பெண்கள் ஓலமிட்டார்கள். ஒன்று கழற்றுவார், ஒன்று உடைப்பார். கீறல் விழுந்த வளையலைக்கூட விற்காத மனிதர், நல்ல வளையல்களாகப் பார்த்து உடைத்தார். “கீறல் விட்டது சத்தமா ஒடையாதும்மா” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் தாடியெல்லாம் நனைந்திருந்தது.

செல்லத்தின் கையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர் பெட்டியில் அன்று பச்சை இல்லை. அறையைக் கூட்டிய அத்தையின் கண்ணில் சிவப்புச் சில்லுகள் பட்டன. பாய் கொல்லை வழியாக வந்துபோனது அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செய்தவர்களே நீங்கள்தான். வளைகாப்புக்கு வளையல் போடுகிற கையால் இழவு வீட்டில் உடைத்தான் என்றீர்கள். ராசியில்லாத கை என்றீர்கள். அவர் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே போகச் சொன்னீர்கள். பெரியத்தை வாசலில் தண்ணீரைக் கொட்டி விரட்டினார். ஒரு பெண்ணின் கையை ரத்தமாக்கிய குழவிக்கு உங்கள் அடுப்படியில் இடம் இருந்தது, அதைக் காப்பாற்றிய கைக்கு உங்கள் தெருவில் இடமில்லை. அவர் சீப்பும் ரிப்பனும் விற்கத் தொடங்கினார். கடைசியாகப் பார்த்தபோது, “கஷ்டம் ஒண்ணுமில்லம்மா. சீப்பு விக்கக் கையைத் தொட வேணாம், அது ஒண்ணுதான்” என்று சிரிக்கப் பார்த்தார். அவரால் முடியவில்லை.

அவர் எனக்கென்று விட்டுப்போனவை செல்லத்தின் பச்சை வளையல்களும், ஒரு கை இளகும்வரை காத்திருக்க வேண்டும் என்கிற புத்தியும்தான். நேற்று அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கக் கிளம்பும்போது செல்லம் டிரங்குப் பெட்டியைத் திறந்து வளையல்களை எடுத்தாள். நேராகப் போய்த் தண்ணீர்ப்பானையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மடங்காத என் விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். ஒன்றுகூட உடையவில்லை.

பஸ்ஸுக்குப் பெரியத்தையின் தெரு வழியாகவே போனோம். செல்லம் கையை வீசி நடந்தாள். பெரியத்தை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். சத்தம் நன்றாகக் கேட்டிருக்கும்.