பனிக்குப் போகும் கால்சட்டை

லூயிஷாமில் நான் உடுப்புத் தைத்த கடைக்கு அவர் வந்தது, வன்னியில் சண்டை உக்கிரமாக நடந்த மாதங்களில். கடைக்கு வந்த எல்லோரும் வன்னியைப் பற்றிக் கதைக்க, அவர் மட்டும் வடதுருவத்தைப் பற்றிக் கதைத்தார். நெடிய மனிதர், நரைத்த மீசை. பேசும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றிக் கட்டுவார்.

அவருடைய மகன் இந்த வெள்ளைக்கார நாட்டுப் படையில் இருந்தான். வடதுருவப் பக்கம் நடக்கும் பனிப் பயிற்சிக்கான அவனுடைய வெள்ளைக் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்திருந்தார்.

“அங்க பனி உருகுதாம், அக்கா. இனிக் கப்பல் ஓடுமாம், எண்ணெயும் கிடக்காம். அதால கூட்டணி நாடுகள் எல்லாம் சேர்ந்து காவல் போடப் போகினமாம்.”

“ஆருக்குப் பயந்து?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு அதிகம் பேச வராது.

“ரஷ்யாக்காரனுக்கு. ஆனா சண்டை வராது எண்டும் பேப்பரில எழுதியிருக்கினம். நான் சண்டைக்குப் பயந்து பெடியனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். அவன் சண்டையே இல்லாத இடத்துக்குத் துவக்கோட போறான். சிரிப்பு வரேல்லையே உங்களுக்கு?”

அவர் சிரிக்கவில்லை.

“கால் மடிப்புக்குள்ள ஒரு சிவப்புத் துண்டு வைச்சுத் தைக்க ஏலுமே, அக்கா?”

“எதிரிக்குத் தெரியக் கூடாதெண்டுதானே வெள்ளை?”

“ஓம். ஆனா பனிக்குள்ள விழுந்தா, தேடுற ஆக்களுக்குத் தெரியோணுமே.”

வைத்துத் தைத்தேன். இறுக்கித் தைப்பதா, இழுத்தால் வெளியே தெரியும்படி விடுவதா என்று கேட்க வெட்கமாக இருந்தது. இறுக்கித்தான் தைத்தேன். இப்போதும் பனி கொட்டுகிற நாளில், அந்த மடிப்பைப் பிரித்து, இழுத்தால் சிவப்பு வெளியே வரும்படி தளர்த்தித் தைக்கத் தோன்றுகிறது.