ஏழுமலை அண்ணனின் தொண்டை நோட்டு

கரையான்சாவடியில் பால் பாக்கெட்டை வெட்டிக் காபி போட்டுக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் நான் ஒஹாயோவில் யாரோ ஒருவரின் தொண்டைக்குள் இறங்கிவிடுவேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. அவருக்குத் தொண்டையில் துளை போட்டு, மூச்சுவிட ஒரு குழாய் வைத்திருப்பார்கள். டிரக்கியாஸ்டமி என்று பெயர். அந்தக் குழாயைச் சுத்தம் செய்யும் பிரஷ், பஞ்சு, கழுத்தில் கட்டும் நாடா, சளி உறிஞ்சும் டியூப் என எல்லாவற்றுக்கும் அமெரிக்க இன்சூரன்ஸ்காரர்கள் ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்துச் சரியான எண்ணைப் போடுவதுதான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் வேலை. துளை போட்டுச் சில நாள்தான் ஆகிறது என்றால் சுத்தம் செய்யும் கிட்டுக்கு ஏ4625. ஆறிப் பழகிய துளை என்றால் ஏ4629. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

குவைத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊர் ஏக்கத்தை எழுதுகிறவர்கள், மார்த்தாண்டத்திலிருந்து சென்னைக்கு வந்தவளெல்லாம் புலம்பெயர்ந்தவளா என்று சிரிக்கலாம். சிரியுங்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு நர்ஸ், அத்தனை பேரும் கடல் தாண்டியவர்கள். என்னையும் நர்சிங்கில்தான் சேர்த்தார்கள். முதல் மாதமே ஒரு புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பார்க்கப் போய், தடாலென்று விழுந்து, நோயாளியே எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்குத் திரும்பி விலங்கியல் படித்தேன். அம்மா மட்டும் இன்றுவரை கோயிலில் பார்ப்பவர்களிடம், "எனக்க மோளுக்கு ஆஸ்பத்திரியிலயாக்கும் வேலை" என்று கூசாமல் சொல்லிவருகிறாள்.

கரையான்சாவடியில் நான் குடியிருக்கும் காம்பவுண்டில் எதிர்வீடு தனம் அக்காவுடையது. அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன், எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஜங்ஷனில் நின்று "எஸ்டேட் எஸ்டேட்" என்று அவர் கூப்பிட்டால் இரண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கேட்குமாம். நான் குடிவந்தபோது அந்தக் குரல் இல்லை. லாரி ஒன்று மோதி, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து, தொண்டையில் குழாயோடு வீடு திரும்பியிருந்தார். எதற்கும் கைதட்டித்தான் கூப்பிடுவார். ஆட்டோ தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனம் அக்கா குழாயின் உள்பகுதியைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் போட்டு, பால் பாட்டில் கழுவும் சின்ன பிரஷ்ஷால் தேய்ப்பதைப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, இது புதுசா, பழசா?"

"வண்டியா? பழசு தாம்மா. வாங்கறியா இன்னா?"

"வண்டி இல்லக்கா, துளை! அமெரிக்காவுல தினம் ஒரு புதுக் கிட் பிரிப்பாங்க. நீங்க பால் பாட்டில் பிரஷ்ஷ வெச்சு..."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "த பாரு ஷீபா, அமெரிக்காவ உன் ஆபீஸோட வெச்சிக்க. நர்ஸம்மா இன்னா சொல்லிக் குட்த்தாங்களோ அதான் பண்ணிகினு கீறேன். இவ்ளோ பேசறியே, கிட்ட வந்து பாரு."

அண்ணன் கழுத்திலிருந்த பஞ்சை விலக்கினாள். பார்த்தேன். அவ்வளவுதான், சுவர் சுழன்றது. வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தமே வரவில்லை, குழாயில் 'புஸ் புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. மூன்று வருடமாகத் தொண்டைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

சண்டை நாலு நாளில் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் அக்காவே என்னை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்தாள். வெளியே பெரிய கூட்டம். டாக்டர் நிமிர்ந்து, "எப்படி இருக்காரு?" என்றார். "அப்டியே தான் கீறாரு சார்" என்றாள் அக்கா. குழாயை மாற்றினார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள், முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த புதிதில் அரைமணிக்கு ஒருதரம் சளி உறிஞ்சவேண்டியிருந்தவருக்கு இப்போது ஒரு நாளில் நாலைந்து தடவை போதும் என்று அவளேதான் எனக்குச் சொல்லியிருந்தாள். அதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை?

"கேக்கலியேம்மா" என்றாள்.

எங்கள் ஆபீசில் முதல் நாளே ஒன்றைச் சொல்லித் தலையில் ஆணி அடித்துவிடுவார்கள். நோயாளியின் சார்ட்டில் எழுதவில்லை என்றால் அது நடக்கவே இல்லை. அந்த விதியை வைத்து எத்தனையோ ஃபைல்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒஹாயோக்காரருக்குத் துளை இருக்கும், குழாய் இருக்கும், அவசரமும் இருக்கும். எழுத்தில் இல்லையே, நான் என்ன செய்ய? கரையான்சாவடிக்குத் திரும்பும் வழியில் அது சுருக்கென்று தைத்தது. ஏழுமலை அண்ணன் தேறிவருவதும் எங்கேயும் எழுதப்படவில்லை. இப்படியே போனால் அந்தக் குழாய் ஆயுசுக்கும் அங்கேயே இருந்துவிடும் என்று பயம் வந்துவிட்டது.

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். தேதி, எத்தனை முறை உறிஞ்சியது, சளி எப்படி இருந்தது, எத்தனை முறை கழுவியது.

"நான் அஞ்சாவது தாம்மா. எனுக்கு இன்னாத்த எழுதத் தெரியும்?"

"கோடு போடத் தெரியும்ல? ஒரு வாட்டி உறிஞ்சினா ஒரு கோடு."

கோடு போட ஆரம்பித்தவள் இரண்டாம் வாரமே எழுத்துக்கு வந்துவிட்டாள். சளிக் கட்டத்தில் 'கஞ்சி மாறி', 'மோர் மாறி', 'தண்ணி மாறி' என்று எழுதினாள். எந்த அமெரிக்க டாக்டரும் இவ்வளவு தெளிவாக எழுதி நான் படித்ததில்லை. அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பேனாவைப் பிடுங்கிக் கடைசியில் தனக்கென்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டார். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி குழாயை விரலால் ஒரு நொடி மூடிப் பேசிப்பார்த்த வார்த்தைகளுக்கான கட்டம் அது. முதல் நாள் 'தனம்'. மறுநாள் 'டீ'. மூன்றாம் நாள் 'சக்கர கம்மி'. அக்கா நோட்டை என்னிடம் தூக்கிக் காட்டி, "வாய் வந்த மூணாம் நாளே குத்தம் சொல்றாரு பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன்.

நாலு வாரத்தில் கோடுகள் நாளுக்கு ஒன்றாகக் குறைந்தன. லீவு போட்டுக்கொண்டு அவர்களோடு போனேன். டாக்டர் வழக்கம்போல், "எப்படி இருக்காரு?" என்றார். அக்கா நோட்டை மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் புரட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான் தான் சார்."

வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றே கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். மூச்சுப் போகும் வழி நன்றாகவே இருந்தது. வார்டில் சேர்த்து, சின்னக் குழாய் போட்டு, அதையும் அடைத்துவைத்து, மூக்கு வழியாகவே மூச்சுவிடுகிறாரா என்று கவனித்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் குழாயை எடுக்க வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்து, "நீங்க வேணா வெளிய நில்லுங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். குழாய் வெளியே வந்தது. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு துளை. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி. அண்ணன் பிளாஸ்திரியை விரலால் அழுத்திக்கொண்டு, கரகரவென்று, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா ஷீபா, வுழலியா?"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அவர் சிரிப்பிலும் சத்தம் இருந்தது. மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்து, நிஜமாகவே ஆஸ்பத்திரி வேலை செய்துவிட்டேன் என்று கத்தினேன். "அத நான் அப்பவே எல்லாருட்டயும் சொல்லியாச்சே மக்ளே" என்றாள், ஒன்றும் நடக்காததுபோல.

இப்போது ஆட்டோவின்மேல் தார்ப்பாய் இல்லை. அண்ணனின் குரல் பழையபடி இரண்டு ஸ்டாப்புக்குக் கேட்காது, ஒரு ஸ்டாப்புக்குக் கேட்கும். காலையில் ஜங்ஷனில் நின்று "வானகரம், எஸ்டேட், எஸ்டேட்" என்பவர், தூரத்தில் நான் வருவதைப் பார்த்ததும் மாற்றிவிடுவார். "அமெரிக்கா! அமெரிக்கா! ஒரு சீட்டு தான் கீது, ஓடியா!"

"நில்லுங்கண்ணே, வந்தாச்சாக்கும்!" என்று மார்த்தாண்டத்துத் தொண்டையால் கத்திக்கொண்டே நான் ஓடுவேன். நேற்று வண்டியருகே தோளில் பையோடு ஒரு பெண் ஏறாமல் தயங்கி நின்றாள். பேச்சில் தூத்துக்குடி வாடை.

"அக்கா, இந்த வண்டி எஸ்டேட் போவும்லா? அவரு என்னமோ அமெரிக்காங்காவ?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் திரும்பினார். கழுத்தில் சின்னத் தழும்பு.

"ரெண்டும் ஒரே ஸ்டாப்பிங் தாம்மா. ஏறு."